கரண்ட் போனால் முதலில் போவது வெளிச்சம் இல்லை

2018 நவம்பர் 16ஆம் தேதி அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில் கரையைக் கடந்தது. சாலையில் விழுந்து கிடந்த மரங்களை அறுத்து வழிவிட்டதும், திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே உள்ள சித்தப்பா வீட்டுக்குப் போனேன். கையில் இரண்டு பெட்டி மெழுகுவர்த்தி, ஒரு டார்ச், நாலைந்து தீப்பெட்டி. பையைத் திறந்து பார்த்த சித்தி சொன்னது இதுதான்: "இத வச்சி என்னப்பா பண்றது? ரெண்டு கேன் தண்ணி கொண்டாந்திருக்கக் கூடாதா?"

எனக்கு அது உறைக்கவே கொஞ்ச நேரம் ஆனது. ஊருக்குத் தண்ணீர் வருவது மேல்நிலைத் தொட்டியிலிருந்து. தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றுவது மோட்டார். தொட்டியில் இருந்தது முதல் நாளே காலி. தெருமுனை அடிபம்பு கைப்பிடி கழன்று பல வருடம் ஆகியிருந்தது. குழாய் வந்த பிறகு அதை யார் பார்த்தார்கள்? சித்தப்பா சர்க்கரைக்கு ஊசி போட்டுக்கொள்பவர். ஃப்ரிட்ஜில் இருந்த இன்சுலினை எடுத்து, சின்ன டப்பாவில் போட்டு, மண்பானைத் தண்ணீரில் மிதக்கவிட்டிருந்தார்கள். கிரைண்டர் ஓடாததால் இட்லி இல்லை. ஆட்டுக்கல் கொல்லையில் மண்ணில் பாதி புதைந்து கிடந்தது, குழவியைக் காணோம். மூன்றாம் நாள் ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டு ஒரு ஜெனரேட்டரை வாடகைக்குக் கொண்டுவந்து தொட்டியை நிரப்பினார்கள். அதே ஜெனரேட்டரிலிருந்து ஒயர் இழுத்து, போன் ஒன்றுக்கு இருபது ரூபாய் என்று சார்ஜ் போட்டுக்கொடுத்தான் ஒரு பையன். டெல்டா மாவட்டங்களில் ஒரு லட்சத்துக்கு மேல் மின்கம்பங்கள் சாய்ந்திருந்தன. அந்த ஊருக்குக் கரண்ட் திரும்ப மூன்று வாரத்துக்கு மேல் ஆனது.

மின்சாரத்துக்கும் மனித வாழ்க்கைக்கும் என்ன தொடர்பு என்று யாராவது கேட்டால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்த மூன்று வாரம்தான். மின்சாரம் என்றாலே நாம் பல்பை நினைத்துக்கொள்கிறோம். அரசு விளம்பரத்திலும் குடிசைக்குள் எரியும் பல்பைத்தான் போடுவார்கள். ஆனால் மின்சாரம் செய்யும் வேலைகளில் வெளிச்சம் சின்னப் பங்கு. தண்ணீரை ஏற்றுவது, குளிரவைப்பது, அரைப்பது, சுற்றவைப்பது ஆகியவைதான் அதன் பெரிய வேலைகள். இந்தக் கட்டுரை அவற்றைப் பற்றியது.

ஒரு யூனிட்டுக்குள் என்ன இருக்கிறது

கரண்ட் பில்லில் 'யூனிட்' என்று போட்டிருப்பார்களே, அதிலிருந்து தொடங்குவோம். ஆயிரம் வாட் சாதனம் ஒன்று ஒரு மணி நேரம் ஓடினால் ஆவது ஒரு யூனிட். பாடப்புத்தகத்தில் கிலோவாட் மணி என்பார்கள். 9 வாட் எல்.இ.டி. பல்பு 111 மணி நேரம் எரிந்தால்தான் ஒரு யூனிட் தீரும்.

இப்போது தண்ணீர்க் கணக்கு. ஆயிரம் லிட்டர் தண்ணீரைப் பத்து மீட்டர் உயரத்துக்கு ஏற்றத் தேவைப்படும் ஆற்றல், இயற்பியல் கணக்குப்படி, ஒரு யூனிட்டில் ஏறக்குறைய முப்பத்தேழில் ஒரு பங்கு. நம் ஊர் பம்புசெட் அவ்வளவு யோக்கியம் இல்லை, மூன்றில் இரண்டு பங்கை வீணடிக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அப்படியும் ஒரு யூனிட்டுக்குப் பத்தாயிரம் லிட்டருக்கு மேல் ஏறிவிடும். பதினைந்து லிட்டர் குடத்தில் அளந்தால் 650 குடத்துக்கு மேல். அதையே இடுப்பில் சுமந்து பத்து மீட்டர் மேட்டில் ஏற்ற ஒரு தெருவில் உள்ள பெண்கள் அத்தனை பேரும் வேண்டும். மின்சாரத்துக்கு அது சில ரூபாய் வேலை.

ஆள் கணக்கிலும் பார்க்கலாம். நல்ல உடற்கட்டுள்ள ஒருவர் எட்டு மணி நேரம் விடாமல் உழைத்தால் அவர் உடம்பு தரும் வேலை அரை யூனிட்டைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். ஆகவே வீட்டுக்குள் ஒரு யூனிட் வருவதும் ஏறக்குறைய இரண்டு ஆள் நாள் முழுக்க வந்து உழைப்பதும் ஒன்று. முன்பு அந்த உழைப்பு யாருடையது என்று யோசித்தால், மின்சாரம் யாருக்கு அதிகம் உதவியது என்பது தெரிந்துவிடும். தண்ணீர் எடுப்பது, நெல் குத்துவது, மாவாட்டுவது, துணி துவைப்பது எல்லாமே பெண்கள் தலையில் இருந்த வேலைகள்.

மேம்பாடு என்பதை எப்படி அளக்கிறார்கள்

நாடு முன்னேறியதா என்று பார்க்க நெடுங்காலம் வருமானத்தை மட்டுமே அளந்தார்கள். அது போதாது, மனிதர் எவ்வளவு காலம் வாழ்கிறார், எவ்வளவு படிக்கிறார் என்பதையும் சேர்க்க வேண்டும் என்றார் பாகிஸ்தானியப் பொருளாதார அறிஞர் மஹ்பூப் உல் ஹக். அவருடைய முயற்சியில், அமர்த்தியா சென்னின் துணையோடு, ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டம் 1990இல் மனித மேம்பாட்டுக் குறியீட்டை வெளியிட்டது. ஆயுள், கல்வி, வருமானம் மூன்றையும் சேர்த்துப் பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் இடையில் ஒரு மதிப்பெண். 2023ஆம் ஆண்டுக்கு இந்தியாவின் மதிப்பெண் 0.685.

இந்த மதிப்பெண்ணில் மின்சாரம் நேரடியாக இல்லை என்பதைக் கவனியுங்கள். (2010இல் வந்த பன்முக வறுமைக் குறியீட்டில் இருக்கிறது, அதன் பத்து அளவுகோல்களில் வீட்டில் மின்சாரம் உண்டா என்பது ஒன்று.) ஆனாலும் இரண்டுக்கும் நெருக்கம் உண்டு. அமெரிக்காவின் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்தைச் சேர்ந்த ஆலன் பாஸ்டர்நாக் 2000ஆம் ஆண்டில் 60 நாடுகளை எடுத்து, ஒருவருக்கு ஆண்டுக்கு எத்தனை யூனிட் என்பதை ஒரு பக்கமும் மேம்பாட்டு மதிப்பெண்ணை இன்னொரு பக்கமும் வைத்து வரைந்து பார்த்தார். கிடைத்த கோடு தென்னை மட்டை போல இருந்தது. அடியில் செங்குத்தாக ஏறுகிறது, பிறகு வளைந்து படுத்துக்கொள்கிறது. ஏறக்குறைய 4,000 யூனிட்டுக்கு மேல் போனால் மின்சாரம் கூடினாலும் மதிப்பெண் பெரிதாகக் கூடுவதில்லை.

ஆக, இல்லாதவருக்குக் கிடைக்கும் முதல் சில நூறு யூனிட் செய்யும் மாற்றத்தை, ஏற்கெனவே குளுகுளுவென்று இருப்பவருக்குக் கிடைக்கும் அடுத்த ஆயிரம் யூனிட் செய்யாது. அமெரிக்கர் ஒருவருக்கு ஆண்டுக்கு 12,000 யூனிட்டுக்கு மேல் ஆகிறது. இந்தியருக்கு 1,400ஐ ஒட்டி.

சரி, மின்சாரத்தைக் கூட்டினால் மதிப்பெண் தானாக ஏறிவிடுமா? பக்கத்தில் இருக்கும் இலங்கையைப் பாருங்கள். 1990 வாக்கில் அங்கே மூன்றில் ஒரு பங்கு வீடுகளுக்குக்கூட மின்சாரம் இல்லை. ஆனால் அதற்கு முன்பே சராசரி ஆயுள் எழுபதைத் தொட்டிருந்தது. பெரும்பாலானோர் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள். 1940களிலேயே தொடங்கிய இலவசக் கல்வி, ஊருக்கு ஊர் அரசு மருத்துவமனை, மானிய அரிசி என்று கரண்டுக்குக் காத்திருக்காமல் செய்த வேலைகளின் பலன் அது. இன்றும் இலங்கையர் ஒருவர் பயன்படுத்தும் மின்சாரம் இந்தியரின் அளவில் பாதிதான். மதிப்பெண்ணோ 0.776. போர்க்காலத்தில், 1990களில், மின்சாரமே இல்லாத யாழ்ப்பாணத்தில் ஜாம் போத்தலில் திரி போட்ட விளக்கில் படித்துப் பரீட்சை எழுதிய ஒரு தலைமுறையே உண்டு. சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு, பெடலைச் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்டவர்கள் அவர்கள். அந்தத் தலைமுறை ஆட்களிடம் போய் 'மின்சாரம் வந்தால்தான் கல்வி' என்று சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் அந்த விளக்கின் புகையையும், மண்ணெண்ணெய் விற்ற விலையையும் அவர்கள் மறந்திருக்கமாட்டார்கள்.

கம்பி போனதா, பலன் வந்ததா

இங்கேதான் விஷயம் சுவாரசியமாகிறது. பணக்கார ஊருக்குக் கம்பி முதலில் போகும். அந்த ஊர் பிறகு முன்னேறினால், அது கம்பியாலா, ஏற்கெனவே இருந்த பணத்தாலா? இதைப் பிரித்தறிய ஆய்வாளர்கள் செய்யும் தந்திரங்கள் எனக்குப் பிடிக்கும்.

பிரேசிலில் மின்சாரத்தின் பெரும்பகுதி அணைகளிலிருந்து வருகிறது. அணை எங்கே கட்டலாம் என்பதை ஆற்றின் நீரோட்டமும் நிலத்தின் சரிவும் தீர்மானிக்கின்றன; ஊரார் பணக்காரரா ஏழையா என்பதை ஆறு பார்ப்பதில்லை. இதை வைத்து 1960 முதல் 2000 வரையிலான மாற்றங்களைக் கணக்கிட்டவர்கள், மின்சாரம் போன பகுதிகளில் மேம்பாட்டு மதிப்பெண் நன்றாகவே உயர்ந்ததைக் கண்டார்கள். உயர்த்தியது பெரும்பாலும் வேலைவாய்ப்பும் கல்வியும்தான்.

தென்னாப்பிரிக்காவில் இனஒதுக்கல் ஆட்சி முடிந்த பிறகு, கறுப்பின மக்கள் வாழ்ந்த கிராமங்களுக்கு வேகமாகக் கம்பி இழுத்தார்கள். குவாசுலு நட்டால் மாகாணத்தில் நிலம் மேடும் பள்ளமுமாக இருக்கும் இடங்களில் கம்பி இழுக்கச் செலவு கூடுதல், அதனால் அங்கே தாமதமாகப் போனது. டாரின் டிங்கல்மன் என்ற பொருளாதார ஆய்வாளர் இந்த வித்தியாசத்தை வைத்துக் கணக்குப் போட்டு 2011இல் வெளியிட்டார். மின்சாரம் வந்த இடங்களில் வேலைக்குப் போகும் பெண்களின் பங்கு ஐந்து ஆண்டுகளுக்குள் ஒன்பது சதவீதப் புள்ளி கூடியிருந்தது. புது ஆலை எதுவும் அங்கே முளைத்துவிடவில்லை. விறகு பொறுக்கப் போன நேரமும் அடுப்பு முன்னால் போன நேரமும் மிச்சமாயின, அந்த நேரத்தில் அவர்கள் சம்பாதிக்கப் போனார்கள்.

இதோடு நிறுத்திக்கொண்டால் கதை அழகாக முடிந்துவிடும். கென்யா அப்படி முடியவிடாது. அந்நாட்டின் மேற்குப் பகுதியில் 150 கிராமங்களில் கென்னத் லீ, எட்வர்ட் மிகுவேல், கேத்தரின் வுல்ஃப்ராம் மூவரும் ஒரு சோதனை நடத்தினார்கள். டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்திலேயே இருக்கிறது, ஆனால் வீட்டுக்கு இணைப்பு இல்லை; அப்படிப்பட்ட குடும்பங்களில் சிலவற்றுக்குக் குலுக்கல் முறையில் இலவசமாகவோ மானியத்திலோ இணைப்புக் கொடுத்தார்கள். கொஞ்ச காலம் கழித்து இணைப்பு உள்ள வீட்டையும் இல்லாத வீட்டையும் ஒப்பிட்டால், வருமானத்திலோ ஆரோக்கியத்திலோ பிள்ளைகளின் படிப்பிலோ சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. ஏன்? மின்சாரம் வந்தது, அதில் செருக எதுவும் இல்லை. பல்பும் போன் சார்ஜரும் போட்டார்கள், வசதி இருந்தவர்கள் டி.வி. வாங்கினார்கள். அதற்கு மேல் வாங்கக் காசு இல்லை. அடிக்கடி கரண்ட் வேறு போனது.

இந்தியாவிலும் கிட்டத்தட்ட இதே பாடம்தான். 2005இல் தொடங்கிய ராஜீவ் காந்தி கிராம மின்மயமாக்கல் திட்டம், முதல் கட்டத்தில் 300 பேருக்கு மேல் வசிக்கும் குடியிருப்புகளைத் தேர்ந்தெடுத்தது. 290 பேர் உள்ள ஊருக்கும் 310 பேர் உள்ள ஊருக்கும் வேறு என்ன பெரிய வித்தியாசம் இருந்துவிடப் போகிறது? அந்த எல்லைக்கோட்டின் இரு பக்கத்தையும் ஒப்பிட்டார்கள் ஃபியோனா பர்லிக்கும் லூயிஸ் பிரியோனஸும். இரவில் ஊர் கூடுதலாக ஒளிர்வது செயற்கைக்கோள் படத்திலேயே தெரிந்தது. சின்ன ஊர்களின் பொருளாதாரத்தில் மாற்றம் தெரியவில்லை. இரண்டாயிரம் பேர் உள்ள பெரிய ஊர்களில் பலன் தெரிந்தது. மில் வைக்கவும் பட்டறை போடவும் ஆள் வேண்டும், சந்தை வேண்டும், சாலை வேண்டும்.

என் அபிப்பிராயம் இதுதான்: கம்பியை விதை என்று சொல்லிச் சொல்லியே நம்மை நம்பவைத்துவிட்டார்கள். அது வாய்க்கால். வாய்க்கால் வெட்டுவது அவசியம்தான், ஆனால் நடுவதற்கு நாற்றும் இருக்க வேண்டும்.

கோயம்புத்தூரில் நாற்று இருந்தது

நாற்று இருந்த இடத்தில் என்ன நடந்தது என்பதற்குக் கொங்கு நாட்டைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. நீலகிரியில் பைக்காரா நீர்மின் நிலையம் 1930களின் தொடக்கத்தில் ஓடத் தொடங்கி, மலைக்குக் கீழே கோயம்புத்தூருக்கு மின்சாரம் வந்தது. பக்கத்திலேயே கரிசல் மண், பருத்தி, கையில் கொஞ்சம் காசு வைத்திருந்த விவசாயக் குடும்பங்கள். சில ஆண்டுகளிலேயே நூற்பாலைகள் வரிசையாக எழுந்தன.

ஆனால் எனக்குப் பிடித்த பகுதி ஆலைகள் அல்ல. அந்தப் பக்கம் கிணறுகள் ஆழமானவை. கவலை பூட்டி, மாட்டைப் பள்ளத்தில் முன்னும் பின்னும் நடத்தித் தண்ணீர் இறைக்க வேண்டும். (தெற்கே அதைக் கமலை என்பார்கள்.) மின்சாரம் வந்ததும் கிணற்றுக்கு மோட்டார் கேட்டார்கள். மோட்டார் வெளிநாட்டிலிருந்து வர வேண்டியிருந்தது. 1937இல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் அதைக் கோயம்புத்தூரிலேயே செய்தார்கள். மோட்டார் செய்யத் தெரிந்த ஊரில் பம்பு செய்தார்கள், வார்ப்படப் பட்டறைகள் வந்தன, லேத்துகள் வந்தன. 1950களில் அதே ஊர் ஆட்கள் மோட்டாரை ஆட்டுக்கல்லோடு பூட்டிக் கிரைண்டர் செய்தார்கள். இன்று 'கோயம்புத்தூர் வெட் கிரைண்டர்' புவிசார் குறியீடு பெற்ற பொருள்.

டெல்டாவில் என் சித்தியின் சமையலறையில் ஓடும் கிரைண்டரும் அங்கே செய்ததுதான். கல்யாணமான புதிதில் ஆட்டுக்கல்லில் அரிசியும் உளுந்தும் ஆட்டி முடிக்க ஒன்றரை மணி நேரம் ஆகும் என்பார். ஒரு கையால் குழவியைச் சுற்றிக்கொண்டே இன்னொரு கையால் மாவைத் தள்ளிவிட வேண்டும், மடியில் பிள்ளை வேறு. இப்போது கிரைண்டரைப் போட்டுவிட்டுச் சுயஉதவிக் குழுக் கூட்டத்துக்குப் போய்விட்டு வருகிறார். தேசிய வருமானக் கணக்கில் அந்த ஒன்றரை மணி நேரம் எந்த வரியிலும் வராது.

இந்தக் கதைக்கும் ஒரு மறுபக்கம் உண்டு. 1984இல் சிறு விவசாயிகளுக்கும் 1990இல் எல்லா விவசாயிகளுக்கும் தமிழ்நாட்டில் மின்சாரம் இலவசமானது. பம்புசெட்டுகள் இருபது லட்சத்தைத் தாண்டின. காசு கொடுக்காத மோட்டாரை நிறுத்த யாருக்கும் அவசரம் இல்லை. நூறு அடியில் இருந்த தண்ணீர் சில பகுதிகளில் ஆயிரம் அடி போர்வெல்லுக்குப் போய்விட்டது. அவ்வளவு ஆழத்துக்குத் துளைபோட வசதி இல்லாத சிறு விவசாயிதான் முதலில் விழுந்தான். யாருக்காகச் சலுகை கொடுத்தார்களோ அவனேதான்.

இரண்டு முதல் எட்டு டிகிரி

மருத்துவத்தில் மின்சாரத்தின் பங்கைப் பார்க்க ஆபரேஷன் தியேட்டருக்குப் போக வேண்டாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் தடுப்பூசி வைக்கும் பெட்டியைப் பாருங்கள். ஐ.எல்.ஆர். என்பார்கள். மேலே திறக்கிற பெட்டி, உள்ளே சுற்றிலும் பனிக்கட்டிச் சுவர். குழந்தைகளுக்குப் போடும் தடுப்பூசிகள் பெரும்பாலும் 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். சூடானால் போலியோ சொட்டு மருந்து வீணாகும். உறைந்துபோனால் ஹெபடைட்டிஸ் பி ஊசி வீணாகும். மருந்துக் குப்பியின் மேல் ஒரு வட்டமும் அதற்குள் வெளிர் நிறத்தில் ஒரு சதுரமும் இருக்கும். சூடுபடப்பட அந்தச் சதுரம் கருக்கும். வட்டத்தின் நிறத்துக்கு வந்துவிட்டால் அந்தக் குப்பியைத் தொடக்கூடாது.

இந்தப் பெட்டி நாளைக்கு எட்டு மணி நேரம் கரண்ட் இருந்தாலே தாக்குப்பிடிக்கும்படி செய்யப்பட்டது. யாரோ ஒரு பொறியாளர் நம் ஊர் நிலவரத்தை நன்றாகத் தெரிந்து வைத்திருக்கிறார்! ஆனால் பிரசவ அறைக்கு அப்படிப் பனிச்சுவர் கட்ட முடியாது. பிறந்த பிள்ளையைக் கதகதப்பாக வைக்கும் வார்மர், மஞ்சள் காமாலைக்குக் காட்டும் நீல விளக்கு, ஆக்சிஜன் கருவி, கத்தரிக்கோலைக் கிருமிநீக்கம் செய்யும் கலன் எதுவுமே 'கரண்ட் வந்ததும் பார்த்துக்கொள்ளலாம்' வகை இல்லை. குறைந்த வருமான, கீழ்நடுத்தர வருமான நாடுகளில் நம்பகமான மின்சாரம் இல்லாத, அல்லது மின்சாரமே இல்லாத மருத்துவ நிலையங்களை நம்பி ஏறக்குறைய நூறு கோடிப் பேர் இருக்கிறார்கள் என்று 2023இல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது.

சமையல் புகை பற்றியும் ஒரு வார்த்தை. விறகு, சாணம், கரி அடுப்புப் புகையால் 2020இல் மட்டும் உலகில் சுமார் 32 லட்சம் பேர் இறந்ததாக அதே நிறுவனத்தின் கணக்கு. வீட்டுக்குக் கரண்ட் வந்தாலும் அடுப்பு மாறுவதில்லை. நம் பக்கம் அதை மாற்றியது கேஸ் சிலிண்டர்.

இருக்கிறது, ஆனால் இல்லை

ஓர் ஊருக்கு மின்சாரம் 'இருக்கிறது' என்று எப்போது சொல்லலாம்? இந்தியாவில் 1997க்கு முன்பு, ஊர் எல்லைக்குள் எங்காவது, எதற்காவது மின்சாரம் பயன்பட்டால் போதும், கணக்கில் அது மின்வசதி பெற்ற ஊர். வயலில் ஒரே ஒரு பம்புசெட் ஓடினாலும் சரி. 2004இல் கொஞ்சம் இறுக்கினார்கள்: பள்ளி, பஞ்சாயத்து அலுவலகம் போன்ற பொது இடங்களுக்கும், பத்து சதவீத வீடுகளுக்கும் இணைப்பு வேண்டும். மீதித் தொண்ணூறு வீடு? கணக்குப்படி அவையும் மின்வசதி பெற்ற ஊரில்தான் இருந்தன. அந்தப் பத்து எந்தப் பத்து என்று சொல்லத் தேவையில்லை. ஊர்த்தெருவில் கம்பம் நட்டுப் பல வருடம் கழித்துக் காலனிக்குக் கம்பி போன கிராமங்கள் இங்கே ஏராளம். மணிப்பூரின் லெய்சாங் கிராமத்துக்கு 2018 ஏப்ரல் 28 அன்று கம்பி எட்டியபோது, நாட்டின் எல்லாக் கிராமங்களுக்கும் மின்சாரம் போய்விட்டது என்று அறிவித்தார்கள். வீடு வீடாக இணைப்புக் கொடுக்கும் சௌபாக்யா திட்டம் அப்போது நடந்துகொண்டுதான் இருந்தது.

'உண்டா இல்லையா' என்று கேட்பதால் வரும் இந்தக் குழப்பத்துக்கு உலக வங்கி தரப்பில் ஒரு மாற்று வைத்தார்கள். பூஜ்யம் முதல் ஐந்து வரை படிகள். முதல் படி என்றால் நாளைக்கு நாலு மணி நேரமாவது விளக்கு எரியவும் போன் சார்ஜ் போடவும் முடியும். இரண்டாம் படியில் ஃபேன், டி.வி. மூன்றில் எட்டு மணி நேரம், ஒரு நாளைக்கு ஒரு யூனிட். ஐந்தாம் படியில் 23 மணி நேரம், ஒரு நாளைக்கு எட்டு யூனிட்டுக்கு மேல். இதில் எத்தனை மணி நேரம் என்பதோடு வோல்டேஜ் சரியா, சாயங்காலம் இருக்கிறதா, கட்டணம் கட்டுப்படியாகிறதா என்பதும் அடக்கம். கோடையில் ராத்திரி ஏழு மணிக்கு ஃபேன் மூச்சுவாங்கிக்கொண்டு சுற்றுவதைப் பார்த்தவர்களுக்கு இந்த வோல்டேஜ் சமாச்சாரத்தை விளக்க வேண்டியதில்லை.

நைஜீரியாவில் இருபது கோடிக்கு மேல் மக்கள். அவர்களின் பொது மின்தொகுப்பு பெரும்பாலான நாட்களில் 4,000 அல்லது 5,000 மெகாவாட்தான் தருகிறது. ஏறக்குறைய எட்டுக் கோடிப் பேர் உள்ள தமிழ்நாட்டின் உச்சத் தேவை 2024 மே 2 அன்று 20,830 மெகாவாட். அங்கே கடைக்குக் கடை பெட்ரோல் ஜெனரேட்டர். அதிலேயே சின்ன வகைக்கு மக்கள் வைத்திருக்கும் பெயர், 'பக்கத்து வீட்டுக்காரனைவிட நான் மேல்' என்று பொருள்படும். சிரிப்பு வரும். ஆனால் அதில் ஒரு யூனிட் எடுக்கும் செலவு கம்பியில் வருவதைப் போலப் பல மடங்கு. ஏழை நாட்டுக்காரன்தான் மின்சாரத்துக்கு அதிக விலை கொடுக்கிறான்.

நமக்கும் அந்த ருசி தெரியாததல்ல. 2012 வாக்கில் சென்னைக்கு வெளியே ஒரு நாளைக்குப் பத்து, பன்னிரண்டு மணி நேரம் கரண்ட் இல்லை. அப்போது கோயம்புத்தூரில் என் நண்பர் ஒருவர் லேத் பட்டறை வைத்திருந்தார். பாதி கடைசலில் கரண்ட் போனால் அந்தப் பீஸ் வீண். கரண்ட் வரும்வரை வேலையாட்கள் வாசலில் உட்கார்ந்து டீ குடிப்பார்கள். பீஸ் கணக்கில் கூலி, ஆகவே அந்த நேரத்துக்குக் காசு இல்லை. ராத்திரி இரண்டு மணிக்குக் கரண்ட் வந்தால் எழுப்பி வேலை வாங்க வேண்டும். மூன்று பேர் ஊருக்கே திரும்பிப் போய்விட்டார்கள். ஊரில் ஏறக்குறைய எல்லா வீடுகளுக்கும் இணைப்பு இருந்த காலம் அது.

உலகில் இன்னும் மின்சாரமே இல்லாதவர்கள் 2023இல் 66 கோடியைச் சற்று தாண்டுகிறார்கள். அவர்களில் நூற்றுக்கு 85 பேர் சகாராவுக்குத் தெற்கே இருக்கும் ஆப்பிரிக்க நாடுகளில். நைஜீரியாவின் ஜெனரேட்டர்காரர்கள் இந்தக் கணக்கில் வரமாட்டார்கள். அவர்களுக்குத்தான் 'இருக்கிறதே'.

எவ்வளவு இருந்தால் போதும் என்பதற்கு ஆய்வாளர்கள் சிலர் ஓர் எண்ணை முன்வைக்கிறார்கள்: ஒருவருக்கு ஆண்டுக்கு 1,000 யூனிட். அதில் வீட்டுக்குள் 300, வீட்டுக்கு வெளியே 700. ஆலை, ஆஸ்பத்திரி, பள்ளி, தெருவிளக்கு, குடிநீர் மோட்டார், செல்போன் டவர் எல்லாம் அந்த எழுநூறில் வரும். வீட்டு மீட்டரில் ஓடாத அந்தப் பங்குதான் பெரியது என்பதைக் கஜா காலத்தில் சித்தி எனக்குச் சொல்லிக்கொடுத்தார்.

வீட்டுப் பங்கை நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங் எடுக்கிறார்கள். பில்லில் உள்ள யூனிட்டை ஆறால் பெருக்கி, வீட்டில் உள்ள தலைகளின் எண்ணிக்கையால் வகுங்கள். போன மாதம் சித்தப்பா வீட்டுக்குப் போனபோது கார்டை வாங்கிப் பார்த்தேன். 260 யூனிட், நாலு பேர். ஆளுக்கு ஆண்டுக்கு 390. எண்ணைச் சொன்னதும் சித்தப்பா, "எல்லாம் இவ ஃபிரிட்ஜ்தான் இழுக்குது" என்றார்.

"உங்க ஊசி மருந்து அதுலதான இருக்கு" என்றார் சித்தி.